கைக்குட்டையை முகர்ந்தவர்கள்

1

எங்கள் கல்யாண நாளுக்கு இந்த வருஷம் மகள் நித்யா எங்களை சினிமாவுக்கு அழைத்துப் போனாள். வழக்கமாக ஒரு பூங்கொத்தும் முட்டை போடாத கேக்கும் வரும். அந்தக் கேக்குக்காகக் கடைக்காரரிடம் அவள் எப்படிப் போராடினாள் என்ற விவரமும் கூடவே வரும். இந்த முறை மூன்று டிக்கெட்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், எஸ்ஸன் என்கிற நகரத்தில். எஸ்ஸன் என்றால் இந்த மொழியில் சாப்பாடு. பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கைகூட வாயில் போடாத சமணக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, சாப்பாடு என்று பெயர் வைத்த ஊரில் வந்து குடியேறியிருக்கிறேன். இங்கே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தியேட்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பகலில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் போடுவார்கள்.

அன்றைக்குப் போட்டது, மர்மப் படங்களைக் கேலி செய்து அந்தக் காலத்தில் எடுத்த ஒரு படம். பனிமூட்டம். பாழடைந்த மாளிகை. உயில் வாசிப்பதற்காகக் கூடியிருக்கும் சொந்தக்காரர்கள். ஜன்னல் வழியாக ஒரு கறுப்புக் கையுறை மெதுவாக உள்ளே நீளும். ஒரு பணக்காரக் கிழவியின் கழுத்தை நோக்கிப் போகும். கழுத்தைத் தாண்டிப் போய், தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும்.

நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசை அம்மாள் திரும்பிப் பார்த்தார். என் கணவர் தரணேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நித்யா, ஏதோ தெரியாத இரண்டு பேரோடு வந்துவிட்டவளைப் போல முழித்தாள்.

"அம்மா, இந்தப் படம் நீ முன்னாடியே பார்த்திருக்கா?" என்றாள். அவளுக்கு உயர்திணையும் அஃறிணையும் ஒன்றுதான். தன்மை, முன்னிலை எல்லாம் அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம்.

"பார்த்திருக்கேன். இதே ஊர்ல. முதல் தடவை பார்த்தப்போ அழுதேன்."

"இதுக்கு யாரு அழும்?"

வெளியே வந்து காபி குடித்துக்கொண்டே அவளுக்குக் கதை சொன்னேன். சொல்லச் சொல்ல, இதை ஊரில் இருக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காஞ்சிபுரத்தில் என்னோடு டைப் அடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சாட்சி சொல்ல முன்வரலாம்.

2

முதலில் அந்த அழுகையைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிது. எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஜெர்மன் மொழியில் நன்றி, வணக்கம், "எனக்குப் புரியவில்லை" இந்த மூன்றும்தான் தெரியும். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று இவர் என்னைப் படத்துக்கு அழைத்துப் போனார். கேலிப் படம் என்று சொல்ல மறந்துவிட்டார். நான் அதை நிஜமான மர்மப் படம் என்று எடுத்துக்கொண்டேன்.

கையுறை நீண்டபோது இவர் கையை இறுகப் பிடித்தேன். ஒருவர் முதுகில் கத்தியோடு மாடிப்படியில் உருண்டு வந்தார். தியேட்டரே சிரித்தது. ஒரு மனுஷன் சாகிறான், இவர்கள் சிரிக்கிறார்களே, இப்படிப்பட்ட ஜனங்கள் நடுவிலா நான் காலம் தள்ளப் போகிறேன் என்று நினைத்து, சத்தமில்லாமல் அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிறேன் என்று எண்ணி, தோழமையோடு ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. கேலிப் படம் என்பது எப்போதும் இரண்டாவது படம். முதல் படத்தைப் பார்த்து நடுங்கியவர்களுக்குத்தான் அதில் சிரிப்பு வரும். இவர்கள் பல வருஷம் அந்தக் கையுறையைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். நான் அந்தப் பயத்துக்கு வராமல் நேரே சிரிப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். புது நாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன். இடைவேளைக்குப் பிறகு உள்ளே நுழைகிறோம்.

மொழியிலும் அதுதான் நடந்தது. மண்ணுக்குக் கீழே விளைகிற எதையும் எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. ஆகவே வெளியே போனால் நான் முதலில் விசாரிப்பது காரட்டைப் பற்றித்தான். காரட்டுக்கு இவர்கள் சொல்லும் சொல் 'மோர்' என்று ஆரம்பிக்கும் என்று மனசில் குறித்து வைத்திருந்தேன். துரதிர்ஷ்டவசமாக, கொலைகாரனுக்கான சொல்லும் ஏறக்குறைய அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஒரு மதியம் உணவகத்தில் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, மிகுந்த மரியாதையோடு, "இந்த சூப்பில் கொலைகாரன் இருக்கிறானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சூப்பை ஒரு தரம் பார்த்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். "இன்று இல்லை அம்மா," என்றாள்.

அயல்நாட்டவர் அலுவலகத்தில் நடந்தது இன்னொன்று. மேஜை விளக்கின் கீழே என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி, "குடும்பப் பெயர்?" என்றார். நான் "ஆர்" என்றேன். "ஆர் என்றால்?" என்றார். அப்பா பெயர் ரிஷபதாஸ் என்றேன். அவர் திருப்தியோடு எழுதிக்கொண்டார். அன்று முதல் மின்சாரத் துறையிலிருந்தும் மருத்துவக் காப்பீட்டிலிருந்தும் திரு. ரிஷபதாஸ் பெயருக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. காஞ்சிபுரத்தில் கடலை மண்டி வைத்திருந்த என் அப்பா ஒருமுறைகூட விமானம் ஏறாமல் ஜெர்மனியில் குடியுரிமை வாங்கும் அளவுக்குப் போய்விட்டார். ட்ரங்க் காலில் இதைச் சொன்னபோது, "காப்பீடு எல்லாம் ஒழுங்கா கட்டறாங்களாமா எனக்கு?" என்று கேட்டார்.

3

இப்போது காஞ்சிபுரம்.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் கோதை. சின்னக் காஞ்சிபுரத்துப் பெண். அவள் அப்பா சமஸ்கிருத வாத்தியார். வீட்டில் பாசுரம் இல்லாமல் பொழுது விடியாது. கோதை மட்டும் துப்பறியும் நாவல் இல்லாமல் சாப்பிட மாட்டாள். ஸ்தோத்திரப் புத்தகத்தின் அட்டையைக் கழற்றி நாவலுக்குப் போட்டு, கூடத்தில் அப்பா எதிரிலேயே உட்கார்ந்து பக்தியோடு படிப்பாள்.

மர்மப் படம் வந்தால் நாங்கள் இருவரும் முதல் வாரமே போய்விடுவோம். பகல் காட்சிதான். சாயங்காலக் காட்சி என்றால், முடிந்து வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும், எனக்கு ராப்பட்டினி. அந்தக் காலத்து மர்மப் படங்களில் வெள்ளைப் புடவைக்காரி விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் பாடிக்கொண்டே போவாள். ஷூ போட்ட இரண்டு கால் மட்டும் நடந்து வரும். தியேட்டரில் முறுக்கு விற்கிறவர்கூட நின்றுவிடுவார். நாங்கள் பயந்து பயந்து பழகியிருந்தோம். ஆகவே, அந்தப் படங்களை எல்லாம் கேலி செய்து ஒரு படம் வந்தபோது காஞ்சிபுரமே அதற்குத் தயாராக இருந்தது.

அதில் வரும் துப்பறிபவர் குளிக்கும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். ஷூ போட்ட கால்கள் தனியாக நடந்து வரும். கேமரா மேலே ஏறினால், செருப்புக் கடைக்காரர் கையில் மாட்டிக்கொண்டு விலை சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு மிகவும் பிடித்தது கைக்குட்டைக் காட்சி. ஜமீன்தார் பங்களாவில் கீழே ஒரு கைக்குட்டை கிடக்கும். மயக்க மருந்து தடவியிருக்கிறதா என்று துப்பறிபவர் முகர்ந்து பார்ப்பார். உடனே விழுந்துவிடுவார். இவர் ஏன் விழுந்தார் என்று உதவியாளர் எடுத்து முகர்வார். அவரும் விழுவார். இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள், சமையற்காரர், கடைசியில் தபால் கொடுக்க வந்தவர் வரை வரிசையாக விழுவார்கள்.

நான் நாற்காலியில் இருக்க முடியாமல் சிரித்தேன். பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர், நான் சிரித்து முடித்த பிறகே சிரித்தார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கிணற்றுக்குள் கூப்பிட்டால் திரும்பி வருமே, அது மாதிரி. கோதை சிரிக்கவே இல்லை.

"கேலியெல்லாம் இருக்கட்டும்டி," என்றாள் வெளியே வரும்போது. "ஒருத்தனை ஃபாலோ பண்றச்சே எதிர்ச்சாரியிலதான் போகணும்னு காட்டினா பார், அது ரொம்ப சரி."

நான் அவ்வளவு சிரித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டில் சிரிக்கிற நிலைமை இல்லை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை, லீவில் ஆரணிப் பக்கம் கிராமத்துக்கு வந்திருக்கிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். "அவருக்கு லீவு கம்மி. வந்தா முடிச்சுட வேண்டியதுதான்." மாப்பிள்ளையின் போட்டோ ஒன்று வந்திருந்தது. பனியில் நின்று எடுத்தது. குல்லாய், மஃப்ளர், கோட்டு எல்லாம் போக மூக்கு மட்டும் தெரிந்தது. "மூக்கு லட்சணமாத்தான் இருக்குது," என்றாள் அம்மா.

ஒரு மூக்கை நம்பி நான் எப்படிக் கடல் தாண்டுவது? ஞாயிற்றுக்கிழமை எல்லோர் எதிரிலும் முடியாது என்று சொல்லிவிடுவதாகக் கோதையிடம் சபதம் போட்டிருந்தேன். சொல்லிவிடுவேனா என்று எனக்கே சந்தேகம்தான். அப்பா கோபித்துக்கொண்டால் பேசுவதை நிறுத்திவிடுவார். அவர் பேசாத வீட்டில் இருப்பது எனக்கு ஜெர்மனியைவிடப் பெரிய பயம்.

4

படம் பார்த்த மறுநாள் அந்த ஆள் தோன்றினார்.

இன்ஸ்டிடியூட்டுக்கு எதிரே சோடாக் கடையில் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. தோளில் தோல் பை. முகத்துக்கு நேராகப் பேப்பர்.

"ராஜீ, திரும்பாதே. நம்மளைத்தான் பாக்கறான்," என்றாள் கோதை. நான் திரும்பினேன். பேப்பர் சட்டென்று மேலே ஏறியது.

அடுத்த நாள் வரதராஜப் பெருமாள் கோயிலில், நூற்றுக்கால் மண்டபத்தில் அதே ஆள். நாங்கள் நின்றால் ஒரு தூணைப் பார்ப்பார். நடந்தால் அடுத்த தூணுக்கு வருவார்.

"கறுப்புக் கண்ணாடியைப் போட்டுண்டு சிற்பம் பாக்கறவன் யோக்கியனா இருக்க முடியாது," என்றாள் கோதை. "ஸ்மக்ளர். சந்தேகமே இல்லை. நாம அவனை ஃபாலோ பண்ணப் போறோம்."

"நாமளா? அவன்தானே நம்மள ஃபாலோ பண்ணிக்கினு இருக்கான்?"

"அதனாலதான் அவன் எதிர்பார்க்க மாட்டான்."

அதற்கும் அடுத்த நாள் காலையில், வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தோம். எதிர்ச்சாரியில்தான். அவர் பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தார். இருபுறமும் தறிச் சத்தம். ஒரு சாயப் பட்டறை வாசலில் சாக்கடையில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற கோதை, என் மணிக்கட்டை நெரித்து, "ரத்தம்டி," என்றாள்.

"சாயம்டி."

"தெரியும். ஆனா ரத்தமாவும் இருக்கலாம் இல்லையா?"

அந்த ஆள் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் போய், பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு வெளியே வந்தார். வந்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். ஒளிய இடமில்லை. தெரு நீளத்துக்கும் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள், பட்டு இழைகளை வரிசையாக இழுத்து. நாங்கள் அதற்குப் பின்னால் உட்கார்ந்தோம். நூலுக்குப் பின்னால் ஒளிந்தால் எவ்வளவு மறையுமோ அவ்வளவு மறைந்தோம்.

"இன்னாம்மா பண்றீங்க அங்க? பாவு மேல சாயாதீங்கம்மா! இழை அறுந்துடப் போவுது!" என்று பாவுக்காரர் தெருவே கேட்கக் கத்தினார்.

கறுப்புக் கண்ணாடி திடுக்கிட்டது. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவிலான ஒரு வேகத்தில் மூலை திரும்பி மறைந்தது. போன வழியில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. கைக்குட்டை.

கோதை கொண்டை ஊசியால் அதைத் தூக்கினாள். ஓரத்தில் ஆங்கில 'டி' எழுத்து நூலால் போட்டிருந்தது.

"டி ஃபார் டேஞ்சர்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஈரமா இருக்கு. மயக்க மருந்து."

"கோதை, வேணாம். படத்துல பார்த்தோம் இல்ல?"

அவள் ஏற்கெனவே முகர்ந்துவிட்டாள். விழவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். "என்ன வாசனைன்னு புரியலை. நீ பாரேன்."

நான் வாங்கி முகர்ந்தேன். நன்றாக, மூக்கையும் கண்ணையும் மூடுகிற மாதிரி வைத்து முகர்ந்தேன். பன்னீர் வாசனை.

5

இந்த இடத்தில் நித்யா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா உன் பின்னாடி தெருத் தெருவா நடந்துச்சா? இங்கே அதுக்குப் போலீஸ் வரும் அம்மா."

"அப்பான்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"டி போட்ட கைக்குட்டை. தரணேந்திரன். அப்பா இப்பவும் ஓரத்துல டி போட்டுத்தான் வெச்சிருக்கு."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மர்மத்தைக் காப்பாற்றவே முடியாது. எதிரே உட்கார்ந்திருந்த குற்றவாளி, முட்டை போடாத கேக்கை மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. டிசம்பரில் இந்த ஊரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். மதியச் சாப்பாடும் ராச்சாப்பாடும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும். ஜூன் மாதம் வந்தால் பத்து மணி வரை பகல். அப்போது நாங்கள் பெரிய மனசோடு மூன்று தரம் டிபன் சாப்பிடுவோம். நித்யாவுக்கு இந்த வழக்கம் இல்லை. நண்பர்களோடு ஒன்பது மணிக்கு மேல்தான் சாப்பிடப் போகிறாள். நான் அதைப் பற்றிச் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன். அன்று என்னவோ அவளே, "சீக்கிரம் சாப்பிடு அம்மா, இருட்டுது," என்று தன் தட்டிலிருந்ததையும் என் பக்கம் தள்ளினாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள்.

6

சனிக்கிழமை காலை எனக்குக் கண் திறக்கவில்லை. இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெந்நீரில் துடைத்துத் திறந்தால், கண் இரண்டும் செக்கச் செவேல் என்று இருந்தன.

"இன்னாமா இது? மெட்ராஸ் ஐ!" என்றார் அப்பா. "நாளைக்கு மாப்பிள்ளை வராரு. இப்பவா வரணும் இது?" என் முகத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினாள். சாயங்காலத்துக்குள் அப்பாவின் கண்ணும் சிவந்தது. கோதை தன் வீட்டிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். கைக்குட்டையை முகர்ந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தோம்.

வரவேண்டாம் என்று சொல்லியனுப்ப வழியில்லை. மாப்பிள்ளையின் லீவு முடிவதற்குள் கல்யாணமும் ஆக வேண்டும். அப்பா கடைத்தெருவுக்குப் போய் எனக்கொன்றும் தனக்கொன்றுமாகக் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் ஜரிகை போட்ட மாம்பழக் கலர் பட்டுப்புடவையிலும் கறுப்புக் கண்ணாடியிலும் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். நிலைக்கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கல்யாணப் பெண் வேஷத்தில் வைரம் கடத்துகிறவள் மாதிரி இருந்தேன்.

வாடகைக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அம்மா. கஞ்சி போட்ட புடவை, நிமிர்ந்த முதுகு. தனி ஆளாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு மகனைப் படிக்க வைத்தவர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் ஆரணியில் யாரும் இல்லை என்று பேச்சு. அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை இறங்கினார். கறுப்புக் கண்ணாடியோடு.

கூடத்தில் அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு கை கூப்பினார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். மாமியாராக வரவேண்டியவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார், மூலையில் நின்ற கோதையைப் பார்த்தார்.

"இன்னா இது? பொண்ணு பார்க்க வந்தமா, இல்ல கொள்ளைக்கு ஆள் சேர்க்க வந்தமா?" என்றார்.

அப்போதுதான் கோதை முன்னால் வந்தாள். நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் பேசுவாரே, அந்த நாளுக்காகவே அவள் இவ்வளவு காலம் காத்திருந்தாள். கொண்டை ஊசியின் நுனியில் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"மாமா, இந்த ஊர்ல மூணு நாளா எங்க பின்னாடி சுத்தின ஆள் இந்தக் கூடத்துலதான் இருக்கார். இதோ, இவர்தான்!"

"இன்னா தம்பி, நெஜமா?" என்றார் அப்பா.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "ஆமாங்க," என்றார்.

"டேய், சிநேகிதனப் பார்க்க ஆற்காட்டுக்குப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போன?" என்றார் அவர் அம்மா.

"காஞ்சிபுரம் வழியா போனேன்மா."

"ஆரணியிலருந்து ஆற்காட்டுக்குக் காஞ்சிபுரம் வழியாவா போவாங்க?"

அப்பாவின் குரல் உயர்ந்தது. "வயசுப் பொண்ணு பின்னாடி தெருத் தெருவா அலையற ஆளுக்கா நான் பொண்ணு குடுக்கறது? எழுந்திரிங்கம்மா, போதும்."

"எழுந்துட்டேன்," என்று அந்த அம்மாவும் எழுந்தார். "எம் புள்ள மட்டுமா அலைஞ்சான்? அவன் கைக்குட்டை இங்க எப்படி வந்துது? உங்க பொண்ணுங்கதான் அவனத் தொரத்திக்கினு போயிருக்குதுங்க!"

என் சபதத்துக்கு இதைவிட நல்ல முடிவு வேண்டுமா? நான் வாயைத் திறக்காமலே சம்பந்தம் முறிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தக்காளி மாதிரி இரண்டு கண். அது மட்டுமில்லை, நடுவில் ஒரு மூக்கு. போட்டோவில் வந்த அதே மூக்கு.

கைக்குட்டையை அவர் போட்டது, கோதை முகர்ந்தது, நான் முகர்ந்தது, அப்பா என் முகத்தைப் பிடித்துப் பார்த்தது எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் ஓடியது. தட்டை முக்காலியில் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அப்பா முறைத்தது கறுப்புக் கண்ணாடியில் எனக்குத் தெரியவும் இல்லை. நான் சிரித்து முடித்த ஒரு நொடிக்குப் பிறகு, எதிரே அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

"தியேட்டர்ல பின்னாடி உட்கார்ந்திருந்தது நீங்களா?" என்று நேராக அவரையே கேட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்டது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

"ஆமா," என்றார். "நான் ஊருக்கு வந்தே பல வருஷம் ஆவுது. அந்தப் படம் எதையெல்லாம் கேலி பண்ணுதோ அது ஒண்ணும் நான் பார்த்ததில்ல. எங்க சிரிக்கணும்னு தெரியல. நீங்க சிரிச்ச எடத்துல எல்லாம் சிரிச்சேன்."

"அதுக்கு எதுக்கு ஊரெல்லாம் பின்னாடி வந்தீங்க?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். சம்பந்தம் பேசிய என் பெரியப்பா எங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து உருவி அனுப்பிய என் போட்டோவில் கோதையும் இருந்திருக்கிறாள், ஸ்டூடியோவில் இருவரும் சேர்ந்து எடுத்தது. இடது பக்கம் இருக்கிற பெண் என்று சொல்லி இவர் அம்மா காட்டியிருக்கிறார். யாருக்கு இடது பக்கம் என்று கேட்க இவருக்குப் பயம்.

"ரெண்டு பேர்ல யாருன்னு தெரியல. தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். வந்த எடத்துல கண்ணு வலியும் வந்துடுச்சு."

"தெரிஞ்சுதா?"

"இல்ல," என்றார். "சிரிக்கிறவங்களா இருக்கணும்னு வேண்டிக்கினு இருந்தேன்."

7

அப்பா இதற்கெல்லாம் மசியவில்லை. அந்த அம்மாவும் மசியவில்லை. இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்போது சமையலறை வாசலிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது.

"பொழுது சாயப் போவுது."

கூடத்தில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். கோபம் எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்ப அப்பாவால் முடியாது. இருட்டிவிட்டால் அவர்கள் வழியில் எங்கேயும் சாப்பிட மாட்டார்கள்.

"சண்டைய அப்பறம் வெச்சிக்கலாம். எல போடு," என்றார் அப்பா.

எதிரெதிராக உட்கார்ந்து, இரண்டு தரப்பும் அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். அந்த அம்மாவின் இலைக்கு வந்து புளியோதரை வைக்கும்போது, அவர் தலையைத் தூக்காமலே தணிந்த குரலில் கேட்டார்.

"அப்படி இன்னாமா சிரிப்பு உனக்கு? இன்னா படம் அது?"

நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். ஜமீன்தார் தன் பங்களாவில் நாற்காலியில் செத்துக் கிடப்பதைச் சொன்னேன். குளிக்கும்போதும் கண்ணாடி போடுகிற துப்பறிபவரைச் சொன்னேன். செருப்புக் கடைக்காரரைச் சொன்னபோது அவர் உதடு லேசாக இழுத்தது. கைக்குட்டைக் காட்சியை நான் நடித்தே காட்டினேன். தபால்காரர் விழுந்தபோது அந்த அம்மாவுக்குப் புரையேறியது. மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தன் அம்மாவையே பார்த்தார். அப்பா மோர் கேட்டுக்கொண்டே இருந்தார், யாரும் கவனிக்கவில்லை.

"அப்பறம்?"

"அப்பறம் எல்லாரையும் ஒரு ஹாலுக்குக் கூப்பிட்டு, கொலைகாரன் இங்கதான் இருக்கான்னு சொல்றாரு. உடனே லைட்டு போயிடுது."

"யாரு கொலைகாரன்?"

"அதுக்குள்ள இன்னும் பாதிப் படம் இருக்குதுங்க."

ஜன்னலில் வெளிச்சம் சிவந்துவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்துதான் ஆக வேண்டும். வெளியே கார் டிரைவர் ஹாரன் அடித்தார். கை கழுவிவிட்டு வந்த அந்த அம்மா, வாசற்படியில் ஒரு காலும் கூடத்தில் ஒரு காலுமாக நின்றார். என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டுங்க," என்றார். "மீதிக் கதைய அங்க வந்து சொல்லட்டும்."

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிவந்த கண்ணால் என்னைப் பார்த்து, "இன்னாமா சொல்ற?" என்றார். முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. எல்லோர் எதிரிலும் நான் சொன்னது, "சரிப்பா."

கல்யாணம் முடிந்து ஆரணிக்குப் போனோம். ஆரத்தி எடுத்து உள்ளே வந்து, நான் மாலையைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அறைக்குள் உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார். "இப்ப சொல்லு, யாரு?" என்றார்.

சொன்னேன். கொலையே நடக்கவில்லை. ஜமீன்தார் சாகவில்லை. மதியச் சாப்பாடு கொஞ்சம் அதிகமாகி நாற்காலியிலேயே அசந்து தூங்கியிருக்கிறார். கடைசியில் எழுந்து வந்து காபி கேட்பார்.

மாமியார் என்னையே வெறித்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா எம் புள்ளையக் குடுத்தேன்?" என்றார்.

பிறகு கதவைத் திறந்து, வெளியே நின்ற தன் நாத்தனார்களையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் உள்ளே கூப்பிட்டுப் பாயை விரித்து உட்காரவைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"முதல்லருந்து சொல்லு."